செவ்வாயில் மனித முகம்... செதுக்கியது யார்? நாசா படத்தின் உண்மை இதுதான்!

செவ்வாய் கிரகத்தில், வானத்தைப் பார்த்தபடி ஒரு பிரம்மாண்ட மனித முகம். இந்தப் படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கலாம். படம் போலி இல்லைங்க, நாசா வெளியிட்டதுதான்!

1976 ஜூலை 25-ல் சைடோனியா பகுதியில் வைக்கிங் 1 விண்கலம் எடுத்தது இது. 'நிழல் செய்த வேலை' என நாசா அப்போதே சொல்லிவிட்டது. ஆனாலும் அழிந்துபோன நாகரிகம், பிரமிடு என்றெல்லாம் கதைகள் கிளம்பின.

நடந்தது என்ன? அப்போது சூரியன் தாழ்வாக இருந்தது. குன்றின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. பள்ளத்தில் விழுந்த நிழல்தான் கண்ணும் வாயும். சரி, மூக்குத் துவாரம்? அது செவ்வாயிலேயே இல்லை! படத்தை பூமிக்கு அனுப்பும்போது தகவல் விடுபட்டதால் வந்த கரும்புள்ளி. இப்படி நாலு புள்ளி கிடைத்தால் போதும், நம்ம மூளை அதை முகமாக்கிடும். இதற்குப் பெயர் பரைடோலியா.

1998-ல் மார்ஸ் குளோபல் சர்வேயர் எடுத்த படத்தில் முகத்தையே காணோம். 'மேகம் மறைச்சிடுச்சு' என்றார்கள் நம்பியவர்கள். 2001 ஏப்ரல் 8-ல், மேகமே இல்லாத நேரத்தில் மறுபடியும் படம் எடுத்தது நாசா. பழைய படத்தில் ஒரு பிக்சல் 43 மீட்டர் நிலத்தைக் காட்டியது. இதில் வெறும் 1.56 மீட்டர். சின்ன வீடு இருந்திருந்தால்கூட தெரிந்திருக்கும். தெரிந்தது, அரித்துப்போன ஒரு தட்டைக் குன்று மட்டும்தான்.