முதல் வாள் வாங்குவோர்க்கு

ஐரோப்பாவின் இடைக்கால வாள்களைப் போலவே செய்யப்படும் மாதிரி வாள்களை விரும்பி வாங்குவோர் பல நாடுகளிலும் உளர். வரலாற்று நாடகம் நடத்துவோர், பழைய வாட்போர்ச் சுவடிகளைக் கற்றுப் பயில்வோர், பழம்பொருள் விரும்புவோர் ஆகியோர் அவருள் அடங்குவர். அவ்வாள்களுள் பல நம் நாட்டிலேயே, டேராடூன், மீரட் முதலிய நகரங்களில் உருவாகிக் கடல் கடந்து செல்கின்றன. குறைந்த செலவில் முதன்முதலாக ஒரு வாள் வாங்க விழைபவர் எவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

முதற்கண் தீர்மானிக்க வேண்டியது பயன். சுவரில் மாட்டி அழகு பார்க்கவா, கையிலேந்திப் பயிலவா? காட்சி வாள்கள் பெரும்பாலும் எவர்சில்வர் எனப்படும் துருவேறா எஃகினால் ஆனவை. சமையற்கட்டுக் கத்திக்கு அவ்வெஃகு ஏற்றதே; ஆயின், இரண்டரை அடி நீள அலகாகச் செய்து வீசி மோதினால் அது ஒடிந்துவிடக் கூடும். பயிற்சி வாள் கரிமம் மிக்க எஃகிலோ, வண்டிகளின் வில்லுக்குப் பயன்படும் எஃகிலோ செய்யப்பட்டு, முறையாகத் தோய்ச்சல் பெற்றிருத்தல் வேண்டும். அத்தகைய அலகு சிறிது வளைத்து விட்டால் மீண்டும் நேராக நிமிரும்.

அடுத்து, கண்ணுக்குப் புலனாகாத பகுதி. அலகின் வால் கைப்பிடியினுள்ளே சென்று, அடியிலுள்ள குமிழோடு பிணைகிறது. இதனைக் காம்பு என்போம். நல்ல வாளில் அலகும் காம்பும் இடையறாத ஒரே உலோகமாக இருக்கும். குமிழின் வழியே வெளிவரும் காம்பின் நுனியைச் சுத்தியலால் அடித்துப் பரப்பி இறுக்குவது பழைய முறை. மலிவான வாள்கள் சிலவற்றிலோ, மெல்லிய கம்பியொன்றை அலகின் அடியில் பற்றவைத்து, திருகி முடுக்கிவிடுகின்றனர். வீசும் வேகத்தில் பற்றவைத்த இடம் விட்டுப்போனால், அலகு கைப்பிடியைப் பிரிந்து பாயும். அருகில் நிற்பவரின் உயிருக்கே அது கேடாகும். ஆதலின், காம்பு எத்தகையது என்னும் வினாவுக்குத் தெளிவான விடை தராத வணிகரிடம் வாங்காதிருத்தலே நன்று.

மூன்றாவது எடை. பழைய வாள்கள் தூக்கவொண்ணாப் பாரமுடையன என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், ஒற்றைக் கை வாள்கள் பெரும்பாலும் 1 கிலோ முதல் 1.3 கிலோ வரையே இருந்தன. இரு கைகளாலும் ஏந்தும் நீள்வாள்களும் 1.5 கிலோவை ஒட்டியனவே. அலகை நுனி நோக்கி மெலியச் செய்ததே இதன் இரகசியம். அலகின் நடுவே ஓடும் பள்ளம் குருதி வடிவதற்கென்பது வெறுங்கதை. வலிமை குன்றாமல் எடையைக் குறைப்பதே அதன் பணி. வாளை ஒரு விரலின்மீது நிறுத்திப் பார்க்கலாம். ஒற்றைக் கை வாள் பெரும்பாலும் குறுக்குக் காப்பிலிருந்து 4 முதல் 6 அங்குலத்திற்குள் சமன்படும். அதற்கு வெகுவாக அப்பால் சென்றால் மணிக்கட்டு விரைவில் சோரும்.

இனி, எவ்வகை வாள்? இங்கிலாந்து நாட்டு அறிஞர் எவார்ட் ஓக்ஷாட் இடைக்கால வாள்களை அலகின் வடிவம் முதலியன கொண்டு வகைப்படுத்தி 1960இல் வெளியிட்டார். வணிகர் பலர் இன்றும் அவ்வகை எண்களையே குறிப்பிடுகின்றனர். தொடங்குவோர்க்கு, சிலுவை போன்ற எளிய குறுக்குக் காப்புடைய ஒற்றைக் கை வாளே உகந்தது. பல வளையங்கள் பின்னிய பிடியுடைய ரேப்பியர் வாளில், விலையின் பெரும்பங்கு பிடியின் வேலைப்பாட்டிற்கே சென்றுவிடும். விலை குறைந்தால் அலகே தரம் குன்றும். எளிய பிடியுடைய வாளிலோ நாம் தரும் பணம் எஃகுக்குச் சேர்கிறது.

எதிராளியுடன் பயில்வோர் கூர்வாளைத் தொடலாகாது. விளிம்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடித்து, முனை மழுங்கிய வாளையும், தக்க முகக்கவசத்தையும் ஆசிரியரின் மேற்பார்வையையும் கொள்ளுதல் வேண்டும். நம் நாட்டில் வாள் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்திற்கு உட்பட்டது. மைய அரசு அறிவித்துள்ள பகுதிகளில் வைத்திருப்பதற்கே உரிமம் தேவை. ஆகவே, வாங்குமுன் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிதல் நலம்.

வாங்கியபின் பேணுதலும் உண்டு. கரிம எஃகு வியர்வை பட்டாலே துருவேறும். கடலோர நகரங்களில் இது விரைவில் நிகழும். கையாண்டதும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுக. தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்குமாதலால், அதனுள் நெடுநாள் செருகி வைத்தலாகாது.

கைப்பொருள் சிறிதாயின், செதுக்கு வேலையையும் பொன்முலாமையும் விட்டுவிடலாம். எஃகிலும் காம்பிலும் சிக்கனம் கூடாது.