யாழுக்கு நேர்ந்தது சீக்வென்சருக்கு நேரக் கூடாது

எங்கள் ஊர் வேதாரண்யம் கோயிலில் அம்மன் பெயர் யாழைப்பழித்த மொழியாள். அந்தக் குரலிடம் தோற்றதால்தான் இங்கே சரஸ்வதி வீணை இல்லாமல் சுவடியோடு இருக்கிறாள் என்பது ஊர் வழக்கு. பழந்தமிழர் மீட்டிய யாழின் நாதமோ நம்மில் யாருக்கும் வாய்க்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பிடித்துக்கொண்டு, நரம்புகளையும் சுரங்களையும் கணக்கிட்டு விபுலானந்த அடிகள் எழுதிய ‘யாழ் நூல்’, 1947இல் நம் டெல்டாவின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. கருவி அழிந்த பிறகு, எஞ்சிய விவரத்திலிருந்து அதை எழுப்பிப் பார்த்த முயற்சி அது. கணினி உலகில் இந்த வேலைக்கு எமுலேஷன் என்று பெயர்.

தமிழ்த் திரையிசைக்கு இது அவசரமாகத் தேவைப்படுகிறது. 1986 தீபாவளிக்கு வந்த கே.பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ பாடல்களுக்கு இளையராஜா யமஹா நிறுவனத்தின் சி.எக்ஸ்.5.எம். என்ற இசைக்கணினியைப் பயன்படுத்தினார். சீக்வென்சர் வேலையைக் கவனித்தவர், அன்று திலீப் என்று அறியப்பட்ட ஏ.ஆர்.ரஹ்மான்.

சீக்வென்சர் ஒலியைப் பதிவு செய்வதில்லை. எந்தச் சுரம், எந்த நொடியில், எவ்வளவு நேரம் என்ற குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கருவியை வாசிக்க வைக்கிறது. அந்தக் காலப் பாட்டு கேசட்டிலும் சி.டி.யிலும் பிழைத்துக்கொண்டது. பேஸ் வரியை எப்படிப் பின்னினார்கள், தாளத்தை எங்கே இம்மியளவு தள்ளிவைத்தார்கள் என்பதெல்லாம் குறிப்பில்தான் இருக்கும். வித்வான் சுரப்படுத்தி வைத்த நோட்டுப் புத்தகத்துக்குச் சமமானது அது. அதைத் திறக்க அதே மென்பொருள் வேண்டும். மென்பொருள் ஓட அதே கணினி வேண்டும்.

அந்தக் கணினியின் இசட்-80 செயலி ஓடிய வேகம் 3.58 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 32 கிலோபைட். இன்றைய கைப்பேசிக்கு இது தூசு. ‘ஓப்பன் எம்.எஸ்.எக்ஸ்.’ போன்ற இலவச எமுலேட்டர்கள் அந்தச் செயலியின் ஒவ்வொரு கட்டளையையும், அதற்குப் பிடித்த நேரத்தையும்கூட, அப்படியே நடித்துக் காட்டுகின்றன. பழைய மென்பொருளுக்குத் தான் வேறு கணினியில் இருப்பதே தெரியாது.

கடினமானது ஒலிச் சில்லு. ஒய்.எம்.2151 எனும் அந்தச் சில்லு ஒரே சமயத்தில் 8 குரல்களை எழுப்பும். ஒவ்வொரு குரலுக்கும் 4 அலைகள். ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையின் அதிர்வை அசைத்துப் புது நாதம் பிறப்பிக்கும் இந்த எஃப்.எம். முறையை, 1967இல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்தார். எண்பதுகளின் பாடல்களில் கணீரென்று விழும் மணியோசைக்கும் எலெக்ட்ரிக் பியானோவுக்கும் இதுவே பிறப்பிடம். இந்தச் சில்லின் மேலுறையை நீக்கி, உள்ளே இருக்கும் சுற்றை நுண்ணோக்கியில் படமெடுத்து, அதைப் பார்த்தே மென்பொருளாக எழுதியிருக்கிறார்கள் ஆர்வலர்கள். விபுலானந்தருக்கு இப்படி ஒரு யாழ் கிடைத்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

எமுலேட்டரில் ஒரு குறை உண்டு. 512 மாதிரிகள் கொண்ட ஒலித்தேக்கம் (பஃபர்) வைத்தால், கட்டையைத் தொட்டதற்கும் ஒலி வருவதற்கும் இடையே ஏறத்தாழ 12 மில்லிநொடி நழுவும். நேரில் வாசிப்பவர் விரலுக்கு அது உறுத்தும். சேமித்த குறிப்பைக் கேட்பவருக்குத் தெரியாது.

கருவியை நடிக்க வைக்கலாம். குறிப்புக்கு மாற்று கிடையாது. எங்கள் ஊர் உப்பளக் காற்றில் கதவுக் கீலே நிலைப்பதில்லை, மின்சுற்றின் மெல்லிய கால்கள் எம்மாத்திரம்? ஈரம் பட்டால் காந்த நாடாவில் பூஞ்சை பிடிக்கும். சி.எக்ஸ்.5.எம். போன்ற எம்.எஸ்.எக்ஸ். வகைக் கணினிகள் குறிப்பைச் சாதாரண ஒலிநாடாவிலும் சேமித்தன. அதை டேப் ரெக்கார்டரில் போட்டால் கீச்சென்ற இரைச்சல்தான் கேட்கும். பழுதான கேசட் என்று எறிந்துவிடத் தோன்றும். அந்தக் கீச்சுதான் தரவு. 1200 ஹெர்ட்ஸில் ஓர் அலை வந்தால் பூஜ்யம், 2400 ஹெர்ட்ஸில் இரண்டு அலை வந்தால் ஒன்று.

மெல்லிசைக் குழு நடத்தியவர்கள், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது நாடா இருந்தால், டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினிக்கு ஒயர் கொடுத்து வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஓப்பன் எம்.எஸ்.எக்ஸ். அதையே நாடாவாக ஏற்றுக்கொள்ளும். எம்பி3 ஆக்க வேண்டாம், இரைச்சல் நீக்கவும் வேண்டாம். ஒலி அளவைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு மூன்று முறை பதிந்துவைத்தால், ஒன்று படிக்காவிட்டாலும் இன்னொன்று படிக்கும்.