விறகுக் கட்டுகளால் எழுந்த ஊர்

ஆடுகிறவரே கதாநாயகனாகி ஒரு விசாலமான கற்பனை தேசத்தில் சஞ்சரிக்கும்படி அமைந்த ஆர்.பி.ஜி. விளையாட்டுகளில், அரக்கனை வதைப்பது, ராஜ்யத்தை மீட்பது போன்ற பிரதான காரியத்தோடு, வழியில் எதிர்ப்படும் குடியானவர்களும் கிழவிகளும் இன்ன பொருளைத் தேடிக் கொண்டுவந்து தா என்று ஒப்படைக்கிற சில்லறை வேலைகளும் ஏராளமாக உண்டு. சைட் குவெஸ்ட் எனப்படும் இவற்றை முடித்துக் கொடுத்தால் காசோ, ஆயுதமோ, அனுபவப் புள்ளியோ சன்மானமாகக் கிடைக்கும். பத்து ஓநாய்த் தோல் வேண்டும் என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லி அனுப்பினால், சன்மானம் எத்தனை பெரிதானாலும் அது கூலி வேலைதான். கேட்பவர் யார், அந்தப் பொருள் இல்லாமல் அவருக்கு என்ன குறை என்பது விளங்கிவிட்டாலோ, அற்பப் பொருளுக்காகவும் மலையேறிப் போக மனம் இசைந்துவிடுகிறது.

போலந்து நாட்டு நிறுவனமான சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015இல் வெளியிட்ட ‘தி விட்சர் 3’ விளையாட்டின் ஆரம்பத்தில், யுத்தத்தின் கொடுமையை அனுபவித்த வைட் ஆர்ச்சர்ட் பிரதேசத்தில், ஒரு கிழவி நாயகனிடம் ஒரு குடிசையில் அகப்பட்டுக்கொண்ட தன் வாணலியை மீட்டுத் தரக் கேட்கிறாள். அடைபட்ட அந்தக் குடிசையின் கதவைத் தகர்த்து உள்ளே போனால் அங்கே ஒரு பிணம் கிடக்கிறது. வாணலியிலோ, மை தயாரிப்பதற்காக எவனோ கரியைச் சுரண்டி எடுத்த அடையாளம். கிழவிக்கு வேண்டியது சமையல் பாத்திரம் மட்டுமே. ஆனால் யுத்த காலத்து இரகசியக் காரியங்களின் ஒரு துணுக்கு அதற்குள் நம் கண்ணில் பட்டுவிடுகிறது.

இந்த வகையில் நான் மிக உயர்வாக மதிப்பது, நிண்டெண்டோ 2017இல் வெளியிட்ட ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்னும் ஸெல்டா விளையாட்டில் வரும் டார்ரி டவுன் வேலையையே. இந்த விளையாட்டை ஆர்.பி.ஜி. என்னாமல் சாகச விளையாட்டு என்றே வகைப்படுத்துவார்கள். நம் விஷயத்துக்கு அந்தப் பேதம் முக்கியமன்று. நாயகன் லிங்க், ஹடேனோ கிராமத்தில் 3,000 ரூபியும் (அத்தேசத்துப் பணம்) 30 கட்டு விறகும் கொடுத்து ஒரு வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்ட பின், அந்த வீட்டை விற்ற கட்டடக் குழுவைச் சேர்ந்த ஹட்சன் என்ற தொழிலாளி, டார்ரி டவுன் என்னும் புதிய ஊரையே நிர்மாணிக்க அக்காலா பிரதேசத்துக்குத் தன்னந்தனியாகப் புறப்பட்டுப் போகிறான். அவன் முதலில் கேட்பது 10 கட்டு விறகு. கோடாரியால் மரத்தை வீழ்த்தி, விழுந்த மரத்தை மறுபடி வெட்டினால், அது ஒரு கட்டாகி நிற்கும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளவேண்டியதுதான். பிறகு அவன் கேட்பது 20, 30, கடைசியில் 50.

விறகோடு அவன் மனிதர்களையும் கேட்கிறான் என்பதில்தான் இதன் சுவாரஸ்யமெல்லாம். பாறைகளை உடைக்கக் கோரோன் குலத்தான் ஒருவன், கிழிந்த உடுப்பைத் தைக்கக் கெருடோ குலத்துத் தையற்காரி, கடை வைக்க ரீட்டோ குலத்து வியாபாரி என்று ஒவ்வொருவரையும் தேசத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து தேடி அனுப்பவேண்டும். போதாததற்கு, அந்தக் கட்டடக் குழுவின் நியமப்படி ஒவ்வொருவர் பெயரும் ‘சன்’ என்றே முடிந்தாகவேண்டும். தையற்காரி ரோண்ட்சனுக்கும் ஹட்சனுக்கும் காதல் மலர்ந்து, விவாகத்தை நடத்திவைக்க ஸோரா குலத்து முதியவர் காப்சன் வந்து சேர்கிறார். விவாகத்துக்கு நாம் போய் நிற்கும்போது, வெறும் நிலமாகக் கிடந்த அந்த மேட்டில் வீடுகளும் கடைகளும் நிறைந்திருப்பதையும், அங்கே குடியிருப்பவர்களில் பலரை நாமே அழைத்துவந்தோம் என்பதையும் எண்ணுகையில் உண்டாகும் சந்தோஷத்துக்கு எந்தச் சன்மானமும் ஈடாகாது.

இதற்கு மாறாக, இதே விளையாட்டில் கோரோக் என்னும் வன ஆவிகளின் விதைகள் 900 ஒளிந்திருக்கின்றன. அவற்றை ஹெஸ்டு என்னும் பாத்திரத்திடம் கொடுத்தால் ஆயுதம், வில், கேடயம் வைக்கும் பையில் இடம் கூடும்; 441 விதைகளோடு அந்தப் பயன் பூர்த்தியாகிவிடும். மிச்சத்தையும் விடாமல் தேடி முடிப்பவருக்குக் கிடைப்பது, எதற்கும் உதவாத ஒரு பொன்னிறச் சுருள். ஆகையால் விதை வேட்டையைத் தனி விரதமாகக் கொள்ளாமல், வேறு காரியமாகப் போகிற வழியில் கல்லடியிலும் மரத்தடியிலும் அகப்படுகிறவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதே உசிதம்.