பேட்டரி இல்லாமலும் படம் எடுக்கும். ஃபிலிமுக்கு எங்கே போவது?

புது தில்லி: பேட்டரி தீர்ந்துவிட்டால் இன்றைய கேமரா வெறும் பெட்டிதான். ஆனால், ஜப்பானின் நிகான் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட எஃப்.எம்.2 ஃபிலிம் கேமராவுக்கு, ஒளியை அளந்து காட்ட மட்டுமே பேட்டரி தேவை. ஷட்டர் உள்ளிட்ட மற்ற அனைத்தும் ஸ்பிரிங்குகளாலும் பல்சக்கரங்களாலும் இயங்குபவை. கடுங்குளிரில் பேட்டரி செயலிழக்கும் லடாக் போன்ற இடங்களில் இதன் அருமை புரியும்.

1977-இல் வந்த எஃப்.எம். கேமராவின் ஷட்டர் வேகம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எஃப்.எம்.2 அதை நாலாயிரத்தில் ஒரு பங்காக உயர்த்தியது. அன்று வேறெந்த எஸ்.எல்.ஆர். கேமராவிலும் இந்த வேகம் கிடையாது. எடை குறைவதற்காகத் தேன்கூடு போன்ற அமைப்பு பொறிக்கப்பட்ட டைட்டானியத் தகடுகளே இதற்குக் காரணம்.

பெஷாவர் அருகே அகதிகள் முகாமில் 1984-இல் ஸ்டீவ் மெக்கரி எடுத்த, பச்சை விழிகளுடைய ஆப்கன் சிறுமியின் படம் இந்தக் கேமராவில் பதிவானதுதான். அது 1985 ஜூன் மாத "நேஷனல் ஜியோகிரஃபிக்' இதழின் அட்டையை அலங்கரித்தது.

பழைய கேமரா வாங்குவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் வந்த கேமராவில் ஃபிளாஷுடன் இணங்கும் வேகம் 200-இல் ஒரு பங்கு. 1984 முதல் அது 250-இல் ஒரு பங்கு. பின்னதன் வரிசை எண்ணுக்கு முன் "என்' என்ற எழுத்து இருக்கும். பிற்காலத்தில் ஷட்டர் தகடுகள் அலுமினியத்துக்கு மாறின. 1993-இல் வந்த டைட்டானிய உடல் கொண்ட வகை, படம் எடுப்போரைவிடச் சேகரிப்போருக்கே உகந்தது. உடன்பிறப்பான எஃப்.இ.2-இல் தானியங்கி வசதி உண்டு, ஆனால், பேட்டரி போனால் 250-இல் ஒரு பங்கு வேகமும் "பி' நிலையும் மட்டுமே மிஞ்சும். இரண்டின் நற்குணங்களையும் இணைத்து 2001-இல் வந்த எஃப்.எம்.3ஏ, ஐந்தே ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. நிகானின் கடைசி ஃபிலிம் கேமராவான எஃப்6-உம் 2020-இல் விடைபெற்றது.

கேமரா உழைக்கிறது, அதற்குத் தீனிதான் அரிதாகிவிட்டது. ஃபிலிமுக்காக அந்நிய நாடுகளை நம்பக்கூடாது என்பதற்காகவே உதகமண்டலத்தில் மத்திய அரசின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் நிறுவப்பட்டது. "இந்து' என்ற பெயரில் அது தயாரித்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் நாடெங்கும் விற்பனையானது. கடனில் மூழ்கிய அந்த ஆலையின் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு வழங்க மத்திய அமைச்சரவை 2014-இல் ஒப்புதல் அளித்தது. ஆலை பின்னர் மூடப்பட்டது. இப்போது கடைகளில் கிடைக்கும் ஃபிலிம் சுருள்கள் இறக்குமதியானவை.

எஃப்.எம்.2-இன் தோற்றத்தை ஒத்த "இசட் எஃப்சி' என்ற டிஜிட்டல் கேமராவை நிகான் 2021-இல் வெளியிட்டது. பேட்டரி இல்லாவிட்டால் அது இயங்காது.