மேடு வந்தால் இறங்கித் தள்ளு

மலையும் கடலும் ஒட்டிக் கிடக்கும் விசாகப்பட்டினத்தை சைக்கிளில் சுற்ற வந்த புனே தம்பதியர், ஊரோடு தங்கள் தெம்பையும் அளந்து பார்த்தனர்.

டிசம்பர் மாதத்தில் ஒரு நாள், காலை ஆறு மணி. கைலாசகிரி மலையடிவாரத்தில் இரண்டு சைக்கிள்கள். கணவருக்கு 58 வயது, மனைவிக்கு 53. கணவர் ஏறி உட்கார்ந்து பெடலில் காலை வைத்தாயிற்று. "அஹோ, பேசினது மறந்துபோச்சா?" என்கிறார் மனைவி. 'அஹோ' என்பது நம்மூர் 'என்னங்க'வுக்கு மராத்தி. கணவர் பதில் பேசாமல் இறங்கி நிற்கிறார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. சைக்கிள் ஓட்டலாம், ஆனால் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் உடனே இறங்கிவிட வேண்டும் என்பது டாக்டரின் நிபந்தனை. நிபந்தனையை மீறாமல் பார்த்துக்கொள்வது மனைவியின் வேலை.

சைக்கிள் நகரம் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய புனேயில், 30 வருடம் சைக்கிளிலேயே தொழிற்சாலைக்குப் போய் வந்தவர் அவர். மனைவி சைக்கிள் கற்றுக்கொண்டதே நாற்பது வயதுக்குப் பிறகு. கோணார்க் எக்ஸ்பிரஸில் சைக்கிள்களையும் பார்சலாக ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது, கற்றுக்கொடுத்தவருக்கு கற்றுக்கொண்டவர் காவல்.

அதற்கு இவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் சுலபமானதல்ல. வடக்கே கைலாச மலைத்தொடர், தெற்கே யாராட மலை, இரண்டுக்கும் நடுவில் விசாகப்பட்டினம். தெற்கு மலை கடலுக்குள் மூக்கை நீட்டுகிறது. அதற்கு டால்பின்ஸ் நோஸ் என்று பெயர். அந்த மூக்கின் மறைவில்தான் 1933-ல் துறைமுகம் திறக்கப்பட்டது. துறைமுகத்தை ஒட்டி மூன்று சிறு குன்றுகள்: ஒன்றின் மேல் மாதா கோயில், ஒன்றின் மேல் தர்கா, ஒன்றின் மேல் வெங்கடேஸ்வரர் கோயில். மலை மிச்சம் வைத்த இடத்தில் ஊர் வளர்ந்ததால், கடற்கரையை விட்டுத் திரும்பினால் பல தெருக்களில் ஏற்றம்தான். 1926-ல் தொடங்கிய ஆந்திரப் பல்கலைக்கழகம் இருக்கும் வால்டேர் பகுதிக்கு வால்டேர் அப்லண்ட்ஸ், அதாவது மேட்டு நிலம், என்றே பெயர்.

முதல் நாள் சமதளம். ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் நடப்பவர்களும் ஓடுபவர்களும்தான் அதிகம். மணலில் 'குர்சுரா' நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. 1969-ல் கடற்படையில் சேர்ந்து, 2001-ல் ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டே மியூசியமாகிவிட்டது. எதிரே டி.யு.142 போர் விமானம் இன்னொரு மியூசியம். "ரிடையர் ஆனவங்களை இந்த ஊர் நல்லா வச்சிருக்கு" என்று கணவர் சொல்ல, மனைவி சிரிக்கவில்லை. மாலையில் பொரியும் வெங்காயமும் எலுமிச்சையும் கலந்த முரி மிக்சரை இருவரும் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டார்கள்.

சிக்கல் இரண்டாம் நாள் தொடங்கியது. சேர்ந்து சைக்கிள் ஓட்டும் தம்பதியருக்கு எங்கும் உள்ள பிரச்னை வேகம். வழக்கமாக கணவர் முன்னால் போய்விட்டு, ஒரு மர நிழலில் நின்று மனைவிக்காகக் காத்திருப்பார். இப்போது மனைவி முன்னால், அவரை முந்தக்கூடாது. பஸ்ஸும் லாரியும் வேகமெடுக்கும் சாலையில் ஒருவர் பின் ஒருவராகப் போவதுதான் பத்திரம் என்பது வெளியே சொல்லும் காரணம். உள்காரணம் இருவருக்கும் தெரியும்.

கைலாசகிரி சாலையில் முதல் வளைவிலேயே இருவரும் இறங்கித் தள்ள ஆரம்பித்தனர். மோட்டார் சைக்கிளில் போன இளைஞர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். கணவர் முகம் சுருங்கியது. "மேலே போனதும் அவங்க பார்க்கிற கடலைத்தான் நாமும் பார்ப்போம்" என்றார் மனைவி. பார்த்தார்கள். உச்சியில் பிரம்மாண்டமான வெள்ளைச் சிவன், பார்வதி. கீழே வில்லாக வளைந்த கரை. இறங்கும்போதும் விதி உண்டு. பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தால் சூடேறி கட்டை தேயும்; விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் நம்பினால் ஆளே குப்புற விழ நேரும்.

மூன்றாம் நாள் பீமிலி. கடலோரமாகவே சுமார் 30 கி.மீ. ருஷிகொண்டா தாண்டினால் மலைகள் சாலை வரை இறங்கி வருகின்றன. இடதுபுறம் ஏறினால் தொட்லகொண்டா: கடல் மட்டத்திலிருந்து 128 மீட்டர் உயரத்தில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய பௌத்த விகாரை. 1970-களில் கடற்படையின் ஆய்வின்போது கண்ணில் பட்டு, 1988 முதல் 1992 வரை அகழ்ந்தெடுக்கப்பட்டது. ரோமானிய வெள்ளி நாணயங்களும் கிடைத்தன. பாறையில் வெட்டிய தண்ணீர்த் தொட்டிகளால்தான் இந்தப் பெயரே வந்தது. அரைமணி நேரம் சைக்கிளைத் தள்ளி, பாட்டில் காலியான நிலையில் வருகிறவருக்கு, பிக்குகள் முதலில் ஏன் தொட்டி வெட்டினார்கள் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு எர்ர மட்டி திப்பலு என்னும் செம்மணல் மேடுகள். மழைநீர் அறுத்த பள்ளங்களும் முகடுகளுமாக நிற்கும் இவை 2014-ல் தேசியப் புவியியல் சின்னமாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் 12-ல்தான் ஹுட்ஹுட் புயல் ஊரைத் தாக்கி மரங்களை வேரோடு சாய்த்தது. ஐப்பசி புயல் காலம் கழிந்து, மார்கழி, தை மாதங்களே இங்கு சைக்கிளுக்கு ஏற்றவை. உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். தினமும் துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

பகல் ஒரு மணிக்கு பீமிலி. கோஸ்தனி ஆறு கடலில் கலக்கும் ஊர். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகளுக்கு அருகே கணவர் உட்கார்ந்தார். களைத்திருந்தார். திரும்பவும் 30 கி.மீ., எதிர் வெயில், அதே மேடுகள். வீம்பு பிடித்தால் போய்விடலாம்தான். மனைவி எதுவும் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணவர் எழுந்து போய், சாமான் ஏற்றும் ஆட்டோ ஒன்றை அவரே பேசி அழைத்து வந்தார். முப்பது வருட சைக்கிள் வாழ்க்கையில் அவர் வண்டி வைத்து வீடு திரும்பியது இதுவே முதல் முறை. சைக்கிள்கள் பின்னால் ஏறின.

மறுநாள் சிம்மாசலம். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு உள்ள மலைக்கோயில். அடிவாரத்தில் சைக்கிள்களைப் பூட்டியதும் மனைவி படிக்கட்டைப் பார்த்தார். "பஸ்ஸில் போவோம்" என்றார் கணவர். அன்று அவருக்கு யாரும் எதையும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.