பத்தாம் வகுப்பு ஆங்கிலம்: அந்த 14 மதிப்பெண்ணை எங்கே கோட்டை விடுகிறோம்?

"லெட்ஜ்னா என்ன அர்த்தம்?"

"பி ஆப்ஷன்க்கா."

திருவண்ணாமலை பக்கம் ஒரு கிராமத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் என் சித்தி பொண்ணு போனில் சொன்ன பதில் இது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கைடில் அந்தக் கேள்விக்கு இரண்டாவதாக இருந்ததுதான் விடை. அவள் வார்த்தையை விட்டுவிட்டு, விடை இருந்த இடத்தை மனப்பாடம் செய்திருந்தாள். அரையாண்டுத் தேர்வில் கேள்வித்தாளில் வரிசை மாறியிருந்தது. ஆங்கிலத்தில் அவள் எடுத்தது 31. பாஸ் ஆக 35 வேண்டும்.

"எல்லாம் படிச்சேன்க்கா. பேப்பரைப் பார்த்தா எல்லாம் மாறி இருக்கு" என்றாள். உங்கள் வீட்டிலும் தம்பி, தங்கச்சி, அக்கா பையன் என்று யாராவது பத்தாவது படித்தால், இந்த டயலாக்கை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆபீஸ் முடிந்து வந்து தினமும் 20 நிமிடம் ஒதுக்கினால் நாம் என்ன செய்ய முடியும்? பார்ப்போம்.

மதிப்பெண் எங்கே இருக்கிறது?

தமிழ்நாடு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு முன்பு இரண்டு தாள்கள் இருந்தன. 2019-20 கல்வியாண்டு முதல் ஒரே தாள், 100 மதிப்பெண். அது நான்கு பகுதிகளாகப் பிரிகிறது: 14, 20, 50, 16.

முதல் பகுதியில் 14 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண். பாடத்தில் வரும் வார்த்தைகளுக்கு இணைச்சொல், எதிர்ச்சொல், அப்புறம் பன்மை, முன்னொட்டு, சுருக்கக் குறியீடு, ஃப்ரேசல் வெர்ப், ப்ரெபொசிஷன், டென்ஸ் என்று போகும். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்வது. நெகட்டிவ் மார்க் கிடையாது. அதனால் ஒன்றைக்கூட காலியாக விடக் கூடாது.

இரண்டாம் பகுதியில் கிராமர் கேள்விகள் வரும். ஐந்தில் மூன்றை எழுதினால் 6 மதிப்பெண். செயப்பாட்டுவினை, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொல்வதுபோல் மாற்றி எழுதுவது, நிறுத்தக்குறி, வாக்கிய வகை மாற்றம், கலைந்த வார்த்தைகளை ஒழுங்காக்குவது ஆகியவைதான் அங்கே திரும்பத் திரும்ப வருபவை.

சித்தி பொண்ணு முதல் பகுதியில் எடுத்தது 3. அங்கே 9 எடுத்திருந்தால் மொத்தம் 37 வந்திருக்கும். பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவில் இருந்தது நாலே நாலு வார்த்தைகள்.

வார்த்தை: அர்த்தம் வேண்டாம், காட்சி வேண்டும்

அந்த 'லெட்ஜ்' வருவது முதல் பாடத்தில். பறக்கப் பயந்து பாறை விளிம்பிலேயே நிற்கும் ஒரு கடற்புறாக் குஞ்சின் கதை. கூடப் பிறந்ததெல்லாம் பறந்துவிட்டன, அது மட்டும் தனியாக நிற்கிறது. கதையைத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீச்சல் கத்துக்கும்போது கிணத்துத் திட்டு மேல நின்னுட்டு குதிக்க பயப்படுவோமே, அந்த மாதிரியாக்கா?" என்று கேட்டாள். அதேதான்!

அதன் பிறகு அந்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. பட்டியலாகப் படிக்கும் வார்த்தை பட்டியலோடு போய்விடும். கதையில், நம் ஊரில், நம் அனுபவத்தில் ஒரு இடம் கிடைத்தால்தான் தங்கும். ஒரு பாடத்துக்கு 10 வார்த்தை போதும். ஒவ்வொன்றுக்கும் 'இது கதையில் எங்கே வருது, நம்ம ஊர்ல எங்கே பார்த்திருக்கோம்' என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

ஃப்ரேசல் வெர்ப்: தமிழில் ஏற்கெனவே இருக்கு பாஸ்

இதைக் கேட்டாலே பசங்க ஓடுவாங்க. ஆனால் இதே வித்தையை நாம் தமிழில் தினமும் செய்கிறோம். 'பார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'குழந்தையைப் பார்த்துக்கோ' என்றால் கண்ணால் பார்ப்பது மட்டுமா? 'எதிர்பார்' என்றால்? 'தாழ்வாப் பார்க்காதே' என்றால்? பக்கத்தில் சேர்வதைப் பொறுத்து அர்த்தமே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'லுக்' இதே வேலையைச் செய்கிறது.

• லுக் ஆஃப்டர் - பார்த்துக்கொள்
• லுக் ஃபார் - தேடிப் பார்
• லுக் இன்டு - விசாரித்துப் பார்
• லுக் டவுன் ஆன் - தாழ்வாகப் பார்
• லுக் ஃபார்வர்ட் டு - ஆவலோடு எதிர்பார்

அதேபோல 'புட்' நம்ம 'போடு'வுக்குக் கிட்டத்தட்ட சொந்தக்காரன். புட் ஆன் என்றால் சட்டையைப் போடு. புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு. ஆனால் எல்லாமே இப்படிப் பொருந்தாது. புட் அவுட் என்றால் தீயை அணைப்பது, புட் அப் வித் என்றால் பொறுத்துப்போவது. பொருந்துவதை முதலில் சொல்லிக்கொடுத்துப் பயத்தைப் போக்குங்கள். பொருந்தாததைத் தனியாக எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

இடியம்: அல்வா சாப்பிடுவதும் அல்வா கொடுப்பதும்

'அல்வா சாப்பிடுற மாதிரி' என்றால் ரொம்ப ஈஸி. 'அல்வா கொடுத்துட்டான்' என்றால் ஏமாற்றிவிட்டான். தமிழ் தெரியாத ஒருவர் இரண்டுக்கும் ஸ்வீட் கடையைத்தான் தேடுவார். ஆங்கில மரபுத்தொடரை வார்த்தை வார்த்தையாகப் பெயர்த்தால் நமக்கும் இதே கதிதான். அதனால் ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு ஜோடி தேடுங்கள்.

• பீஸ் ஆஃப் கேக் - அல்வா சாப்பிடுற மாதிரி
• ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் - அத்தி பூத்த மாதிரி
• ஸ்பில் தி பீன்ஸ் - ரகசியத்தைப் போட்டு உடைப்பது
• பர்ன் தி மிட்நைட் ஆயில் - விடிய விடிய கண்முழித்துப் படிப்பது

ஜோடி தேடுவதே ஒரு விளையாட்டு ஆகிவிடும். தப்பான ஜோடி சொல்லிச் சிரித்தாலும் நல்லதுதான், சிரித்தது மறக்காது.

இது பரீட்சைக்கு மட்டுமான விஷயமும் இல்லை. நானே பள்ளியில் இடியம் பட்டியலை ஒப்பித்து மார்க் வாங்கியவள்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எடிட்டர் "கீப் மீ இன் தி லூப்" என்று சொல்லிவிட்டுப் போனார். என்ன 'லூப்', யாரை எதில் வைக்க வேண்டும் என்று புரியாமல் அரை மணி நேரம் முழித்தேன். 'அப்பப்போ எனக்கும் தகவல் சொல்லிட்டே இரு' என்பதுதான் விஷயம்!

கிராமர்: தப்பு ஏன் வருதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது

பசங்க செய்யும் பல தப்புகளுக்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. தமிழ் இலக்கணம் அவர்கள் தலைக்குள் சரியாக வேலை செய்வதுதான் காரணம்.

ப்ரெபொசிஷன்: தமிழில் பஸ்ஸில், காரில், வீட்டில் - எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்'. ஆங்கிலத்தில் பஸ்ஸுக்கு 'ஆன்', காருக்கு 'இன்', வீட்டுக்கு 'அட்'. எது எங்கே என்று குழம்பத்தான் செய்யும். நேரத்துக்கு மட்டும் ஒரு சின்ன ஏணி இருக்கிறது. மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஆன்', மாதத்துக்கும் வருடத்துக்கும் 'இன்'. காலம் பெரிதாகப் பெரிதாக அட், ஆன், இன்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்: "'நான் நாளைக்கு வர்றேன்'னு சொன்னான்." தமிழில் ஒரு 'னு' போட்டால் முடிந்தது, அவன் சொன்னது அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் மேற்கோள் குறி போய் 'தட்' வரும். 'ஐ' என்பது 'ஹி' ஆகும். 'வில்' என்பது 'வுட்' ஆகும். 'டுமாரோ' என்பது 'தி நெக்ஸ்ட் டே' ஆகும். குறி, ஆள், வினை, நேரம் - இந்த நான்கையும் விரல் விட்டு எண்ணிச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பாசிவ் வாய்ஸ்: இதைப் பேச்சில் நாம் அதிகம் பயன்படுத்துவதில்லை. ஆனால் செய்தியில் தினமும் இருக்கிறது. 'அணை திறக்கப்பட்டது', 'தேர்வு ஒத்திவைக்கப்பட்டது', 'ஒருவர் கைது செய்யப்பட்டார்'. யார் செய்தார் என்பதைவிட என்ன நடந்தது என்பது முக்கியமாக இருக்கும்போது இப்படி எழுதுகிறோம். தினமும் இரண்டு செய்தித் தலைப்பை எடுத்து ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லுங்கள். 'பி' குடும்பத்து வினை ஒன்று, அதோடு வினையின் மூன்றாவது வடிவம். 'தி டேம் வாஸ் ஓப்பன்ட்.' அவ்வளவுதான்.

திரும்பப் படிச்சா போதாதா?

போதாது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி, மறதி எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று 1885-லேயே எழுதினார். படித்த உடனேதான் அதிகம் மறக்கிறோம், பிறகு வேகம் குறைகிறது. 2006-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் இன்னொன்றைப் பார்த்தார்கள். பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள்.

'படிச்சேன், ஆனா மறந்துடுச்சு' என்று பசங்க சொல்வது பொய் இல்லை. முந்தின நாள் ராத்திரி எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

இதற்கு ஒரு எளிய வழி, ஜெர்மன் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பிரபலமாக்கிய அட்டைப் பெட்டி முறை. எங்கள் வீட்டு வெர்ஷன் இது: பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்னதாக வெட்டினோம். ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் அர்த்தமும் ஒரு வாக்கியமும். மூன்று ஸ்வீட் பாக்ஸ். முதல் பாக்ஸை தினமும் பார்க்க வேண்டும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை. சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பாக்ஸுக்குப் போகும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதல் பாக்ஸ். அட்டையில் ஏ, பி, சி, டி கிடையாது. அது ரொம்ப முக்கியம்!

நீங்கள் என்ன செய்யலாம்?

• தினமும் 20 நிமிடம். 10 அட்டை, ஒரு கிராமர் வகை, அவ்வளவுதான்.
• வாய்ஸ் நோட்டில் 5 வார்த்தை அனுப்புங்கள். பதிலாக ஒவ்வொன்றுக்கும் சொந்த வாக்கியம் வர வேண்டும். கைடு வாக்கியம் செல்லாது.
• ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய கேள்வித்தாளின் முதல் பகுதியை மட்டும் கொடுங்கள். நான்கு விடைகளையும் மறைத்துவிட்டுப் பதில் கேளுங்கள்.
• தப்பு வந்தால் 'இதுகூட தெரியாதா' என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த நாள் போனை எடுக்க மாட்டார்கள். அனுபவம்.

எங்கள் வீட்டில் இது தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. அற்புதம் எதுவும் நடக்கவில்லை. போன வாரம் நடந்த திருப்புதல் தேர்வில் முதல் பகுதியில் 14-க்கு 9, மொத்தம் 41. கடிதம் எழுதுவதில் இன்னும் சறுக்குகிறாள், பாரா எழுதும்போது ஸ்பெல்லிங் தப்புகிறாள். ஆனால் கேள்வித்தாளைப் பார்த்ததும் வரும் பயம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

நேற்று ராத்திரி ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாள். "அக்கா, நாளைக்கு கணக்கு டெஸ்ட். ஐ கான்ட் புட் இட் ஆஃப். தள்ளிப்போட முடியாதுக்கா, இன்னைக்கு இங்கிலீஷ் லீவு!"

லீவு கொடுத்துவிட்டேன்.