பெட்டியில் வாழும் சித்திரங்கள்

சென்ற ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலுள்ள நண்பர் ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். திடீரென்று கூடத்திலிருந்து ஒரு விம்மல் கேட்டது. உள்ளே சென்று பார்த்தால், நண்பரின் பத்து வயதுப் புதல்வன் ஒரு பிஸ்கோத்துத் தகர டப்பாவைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கண்ணீர் உகுத்துக் கொண்டிருந்தான். அந்த டப்பாவில் இருந்தவை அவனுடைய தந்தை தம் பள்ளிப் பருவத்தில் பபிள்கம் உறைகளிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்த கிரிக்கெட் வீரர்களின் படச் சீட்டுகள். பரணில் கிடந்த டப்பாவுக்குள் ஈரம் இறங்கி, ஈரத்தோடு துருவும் சேர்ந்து, கவாஸ்கரையும் கபில் தேவையும் பிரிக்க முடியாதபடி ஒட்டி விட்டிருந்தது. பிரித்தால் ஒருவருடைய முகம் மற்றவருடைய முதுகோடு கழன்று வந்தது!

"போனால் போகட்டும், புதிது வாங்கிக் கொள்ளலாம்" என்றார் நண்பர். ஆனால் அவர் குரல் கம்மியிருந்ததை நாம் கவனிக்காமல் இல்லை. அப்பொழுதுதான் அவருடைய தாயார் அடுக்களையிலிருந்து வெளியே வந்தார்.

"அதே பரண்லேதானேடா என் கொலுப் பெட்டியும் இருக்கு? மூணு தலைமுறையா ஒரு பொம்மைக்கு மூக்கு உடைஞ்சதுண்டா? பெட்டின்னா பெட்டியா இருக்கணும்டா" என்று சொல்லிவிட்டு, அவர் உள்ளே போய் விட்டார்.

அம்மாள் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை நம் மனத்தை விட்டு அகலவில்லை. ஏனென்றால், காவேரிக்கு அக்கரையிலுள்ள திருச்சிராப்பள்ளி நகரம் ஒரு காலத்தில் படச் சீட்டுகளுக்குப் பெயர் போன ஊர். இன்று அந்த ஊராரில் பலருக்கே அது தெரியாது. தெரியாமற் போனதற்கு ஒரு காரணம், அவர் சொன்ன அந்தப் பெட்டிதான்.

அப்பிரகத்தில் எழுதிய சீட்டுகள்

காக்காய்ப்பொன் என்று நம் பாட்டிமார் சொல்லும் அப்பிரகத்தை நேயர்கள் பார்த்திருக்கலாம். பூமியிலிருந்து கட்டியாக எடுக்கப்படும் இந்தத் தாதுப்பொருளை உளி முனையால் நெம்பினால், புத்தகத்தின் ஏடுகளைப்போல் மெல்லிய தகடுகளாகப் பிரிந்து வரும். கண்ணாடியைப்போல் ஒளி ஊடுருவும். ஆனால் கண்ணாடியைப்போல் சில்லுச் சில்லாக உடையாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிச் சித்திரக்காரர்கள் இந்தத் தகடுகளின்மேல் வர்ணம் தீட்டினார்கள். முன்னரே எழுதி வைத்த கோட்டுப் படத்தைத் தகட்டின் அடியில் வைத்தால், கோடுகள் மேலே தெரியும். அவற்றைப் பின்பற்றித் தூரிகையை ஓட்டினால் ஒரே உருவத்தைப் பல பிரதிகள் எடுக்கலாம். கங்கைக் கரையில் பாட்னா, காசி, முர்ஷிதாபாத் முதலிய நகரங்களிலும் இந்தத் தொழில் நடந்தது. தென்னாட்டில் இதற்குப் பெயர் பெற்ற ஊர் திருச்சிராப்பள்ளியே.

என்ன எழுதினார்கள்? தேவதைகளின் உருவங்களை எழுதினார்கள். அவற்றோடு, தெருவில் கண்ட மனிதர்களையும் எழுதினார்கள். பல்லக்குத் தூக்குவோர், தறியில் நெய்வோர், துணி வெளுப்போர், தண்ணீர் சுமப்போர், பாம்பாட்டி, நாட்டியமாடும் பெண், துரைவீட்டுச் சமையற்காரர், குழந்தையைத் தூக்கி நிற்கும் ஆயா என்று தொழிலுக்கு ஒரு சீட்டு. தனிச் சீட்டாக அல்ல, வரிசை வரிசையாகவே அவை விலைபோயின. இன்னொரு வேடிக்கை வகையும் உண்டு. ஓர் அட்டையில் முகத்தை மட்டும் எழுதி, அப்பிரகத் தகடுகளில் உடையையும் அணிகளையும் மட்டும் தீட்டி, முகத்தின் இடத்தை வெறுமையாக விட்டு விடுவார்கள். தகட்டை மாற்றி மாற்றி அட்டையின்மேல் வைத்தால், ஒரே முகம் ராஜாவாகும். அடுத்த கணம் சேவகனாகும்!

இவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். திருச்சிராப்பள்ளி அந்நாளில் பெரிய பட்டாளம் தங்கிய ஊர். சீமைக்குத் திரும்பும் சோல்ஜர்களும் துரைசானிகளும் இந்தியாவை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளவும், ஊரில் உள்ளவர்களுக்குக் காட்டவும் இவற்றை விலைக்கு வாங்கினார்கள். நம்முடைய முன்னோர்களை அவர்கள் ஒரு காட்சிப் பொருளாகவே பார்த்தார்கள் என்பது மெய். அதை நினைக்கையில் மனம் சுளிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நம் ஊர்ச் சித்திரக்காரனின் கண் அவர்களுடைய கண் அல்லவே. தலைப்பாகையைக் கட்டிய விதத்தையும், சேலையின் கரையையும், தொழிலாளியின் கையிலிருந்த கருவியையும் அவன் கூர்ந்து பார்த்து எழுதியிருக்கிறான். எழுதியவர்கள் பெரும்பாலும் தம் பெயரைச் சீட்டில் இடவில்லை. பெயரில்லாத அவர்களுடைய கைகளால்தான் நம் கொள்ளுப்பாட்டனார்களின் காலம் வர்ணத்தோடு நிலைத்திருக்கிறது.

1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசாங்கத்தின் சார்பில் திருச்சிராப்பள்ளியைப் புகைப்படம் எடுத்தார். அதன் பின்னர் புகைப்படங்கள் பெருகின. நூற்றாண்டின் இறுதியில் படத் தபால் கார்டுகளும் வந்து சேர்ந்தன. கையால் எழுதிய சீட்டுக்கு விலை இல்லாமற் போயிற்று, தூரிகைகள் ஓய்ந்தன.

சுருட்டும் சீட்டும்

இங்கே ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். கிரிக்கெட் வீரர்களின் படச் சீட்டுக்குப் பிறப்பிடம் விளையாட்டு மைதானம் அல்ல, புகையிலைக் கடை! 1880களில் அமெரிக்காவிலும் பின்னர் இங்கிலாந்திலும் சிகரெட்டுகளை மெல்லிய காகித உறைகளில் விற்றார்கள். உள்ளேயிருக்கும் சிகரெட் நசுங்காதபடி ஓர் அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டையாக ஏன் இருக்க வேண்டும் என்று அதில் நடிகை, போர்வீரர், விளையாட்டு வீரர் ஆகியோரின் படங்களை அச்சடித்தார்கள். வரிசையைப் பூர்த்தி செய்யும் ஆசையில் ஜனங்கள் மேலும் மேலும் வாங்கினார்கள். நம் தேசத்து ரஞ்சித்சிங்ஜியின் திருவுருவமும் இங்கிலாந்தில் இப்படிச் சிகரெட்டோடு உலா வந்தது. பிற்காலத்தில் சிகரெட்டின் இடத்தை மிட்டாயும் பபிள்கமும் பிடித்துக் கொண்டன. சீட்டு மாத்திரம் மாறவில்லை.

திருச்சிராப்பள்ளியோ சுருட்டுக்கு உலகப் பிரசித்தி பெற்ற ஊர். 1887-ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நவீனத்தில், சாம்பலைப் பார்த்தே அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டு சொல்கிறார். ஆக, ஒரே ஊரில் சுருட்டும் இருந்தது, படச் சீட்டும் இருந்தது. இரண்டையும் ஒன்று சேர்க்க மட்டும் நம்மவர்களுக்குத் தோன்றவில்லை.

பெட்டியும் சேர்ந்ததே சீட்டு

சீட்டை எழுதுவது பாதி வேலை. அதைக் காப்பது மறு பாதி. இதை நன்றாக உணர்ந்தவர்கள் கஞ்சீபாச் சீட்டுக்காரர்கள். பாபர் சக்கரவர்த்தி 1527-ல் சிந்து தேசத்திலிருந்த தம் நண்பருக்குக் கஞ்சீபாச் சீட்டுகளை அனுப்பியதாகத் தம் சரிதையில் குறித்திருக்கிறார். பாரசீகத்து விளையாட்டாகிய அது நம் நாட்டில் வைஷ்ணவக் கோலம் பூண்டு தசாவதாரக் கஞ்சீபா ஆயிற்று. மத்ஸ்யம், கூர்மம் தொடங்கி அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 வட்டச் சீட்டுகள். மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் இந்த விளையாட்டைப் போற்றி வளர்த்தார். மகாராஷ்டிரத்தில் ஸாவந்த்வாடி அரச குடும்பத்தினர், மறையும் தறுவாயில் இருந்த அதை 1970களில் மீட்டுக் காப்பாற்றினர்.

அந்தச் சீட்டுகளை வெறுமனே கட்டி விற்பதில்லை. மூடி காடியில் வழுகி வரும் மரப்பெட்டி ஒன்றைச் செய்து, சீட்டில் எழுதிய அதே கையால் பெட்டியின்மேலும் பூவும் உருவமும் எழுதி, சீட்டும் பெட்டியுமாகவே கொடுப்பார்கள். பெட்டி வேறு, பண்டம் வேறு என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை.

நமக்கும் அது புதிதல்ல. ஸ்ரீரங்கத்து வீடுகளில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் கோயிலாழ்வார், திருமண் பெட்டி, ஏட்டுப் பெட்டி, ஐந்தறைப் பெட்டி, நகைப் பெட்டி, கொலுப் பெட்டி என்று ஒவ்வொரு பொருளுக்கும் அதனதன் அளவுக்கு ஒரு பெட்டி உண்டு. படத்துக்கு மாத்திரம் தகர டப்பா போதும் என்று நாம் எப்பொழுது தீர்மானித்தோம்?

தச்சர் சொன்ன லட்சணம்

மழை விட்ட மறுநாள், நண்பரையும் சிறுவனையும் அழைத்துக்கொண்டு காவேரிப் பாலத்தைக் கடந்து, மலைக்கோட்டைக்கு அருகே ஒரு சந்தில் இருக்கும் வயோதிகத் தச்சர் ஒருவரிடம் சென்றோம். ஒட்டிப்போன சீட்டுகளை அவர் கையில் வாங்கிப் பார்த்தார்.

"தகரம் மூச்சு விடாது, தம்பி. மரம் மூச்சு விடும்" என்றார் அவர்.

அதன் பொருள் சாஸ்திரத்துக்கு ஒத்ததே. பகலில் டப்பாவுக்குள் அடைபட்ட ஈரக் காற்று, இரவில் தகரம் குளிர்ந்தவுடன் நீர்த்துளியாகப் படிகிறது. அந்த நீருக்குப் போக்கிடம் சீட்டின் காகிதமே. மரமோ ஈரத்தைத் தானே மெதுவாக வாங்கிக்கொண்டு, வறண்ட நாளில் மெதுவாக வெளியே விடும். உள்ளேயிருக்கும் காகிதத்துக்கு அந்த ஏற்றத்தாழ்வு அதிகம் தெரியாது.

பெட்டியின் லட்சணங்களை ஆசாரியார் ஒவ்வொன்றாகச் சொன்னார். பச்சை மரம் உதவாது. உலர உலரச் சுருங்கிக் கோணிக்கொள்ளும். பழைய வீடு பிரிக்கும்போது இறக்கிய தேக்கு உத்திரம் கிடைத்தால் அதுவே உத்தமம். பக்கப் பலகை அரை அங்குலம், அடிப் பலகை கால் அங்குலம் கனம். மூலைகளில் ஆணி அடிக்கலாகாது. புறா விரித்த வாலைப்போல் ஒரு பலகையின் முனையை அறுத்து, மற்றதில் அதற்கேற்ற பள்ளம் செதுக்கிச் செருகவேண்டும். இரும்பு இல்லாத இடத்தில் துரு ஏது? அடிப் பலகையைக் காடியில் செருக வேண்டுமேயன்றி வச்சிரம் வைத்து ஒட்டக்கூடாது. மழையில் உப்பவும் வெயிலில் சுருங்கவும் அதற்கு இடம் வேண்டும். மூடியும் காடியிலேயே வழுகட்டும். தரை ஈரம் ஏறாதபடி நாலு சிறு கால்கள் இருக்கட்டும்.

இக்காலத்துச் சீட்டு பெரும்பாலும் 2½ அங்குல அகலமும் 3½ அங்குல உயரமும் உள்ளது. சுற்றிலும் அரைக்கால் அங்குல இடம் விட்டு உள்ளளவு எடுத்துக்கொண்டார். சீட்டுகள் நின்ற நிலையில் வரிசையாக இருக்கவேண்டும். இறுக்கினால் விளிம்பு தேயும். தளர்ந்தால் சாய்ந்து வளையும். ஆகையால் முன்னும் பின்னும் நகரும் ஒரு தடுப்புக் கட்டையையும் சேர்த்தார். அப்பிரகச் சித்திரமானால் நிறுத்தவே கூடாது. வர்ணம் தகட்டுக்குள் ஊறாமல் மேலேயே நிற்பதால் உரசினால் உதிர்ந்துவிடும். படுக்க வைத்து, இடையிடையே மெல்லிய காகிதம் வைப்பதே முறை.

அவர் சொன்னவற்றோடு நாம் இரண்டைச் சேர்க்கிறோம். மரம் தானும் சிறிது புளிப்பான ஆவியை விடும்; அது நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கும். ஆதலால் உட்புறத்தில் வார்னிஷ் பூசாமல், அமிலமற்ற காகிதத்தை விரிப்பது நலம். ஏட்டுச் சுவடிகளைக் காத்த நம் பெரியோர் செய்தவாறு, வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைத்தால் பூச்சி அண்டாது.

பத்து நாளில் பெட்டி வந்தது. வெளியே தேன்மெழுகு தேய்த்த தேக்கு, தேன் நிறத்தில் மின்னியது. பிழைத்திருந்த சீட்டுகள் முப்பதுக்கும் குறைவு. சிறுவன் அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே நிறுத்தினான். முகம் போன கவாஸ்கரையும் அவன் தள்ளவில்லை, கடைசியில் நிறுத்தினான். பாட்டியம்மாள் பெட்டியை வாங்கி, மூடியை ஒருமுறை இழுத்துப் பார்த்து, கொலுப் பெட்டியின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் கிடையாது!

திருச்சிராப்பள்ளியின் அப்பிரகச் சீட்டுகளைப் பார்க்க விரும்புவோர் இன்று லண்டனுக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. விக்டோரியா-ஆல்பர்ட் கலைக்கூடத்திலும் பிரிட்டிஷ் மியூசியத்திலும் அவை பத்திரமாக இருக்கின்றன. அந்நியர் வாங்கிக் கொண்டுபோனார்கள் என்று குறைசொல்வது எளிது. அவர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள், வாங்கியதைக் காத்தார்கள் என்பதும் உண்மையல்லவா? மலைக்கோட்டையின் அடியில் ராணி மங்கம்மாள் மண்டபத்தில் அரசாங்க அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே இவ்வூர்ச் சித்திரக்காரர்களின் வரிசை ஒன்று, பிரதியாகவேனும், ஊர்க் குழந்தைகள் பார்க்கும்படி நல்ல மரப்பெட்டியில் திறந்து வைக்கப்படவேண்டும் என்பது நம் விண்ணப்பம்.

அதற்கு முன் நாம் செய்யக் கூடியது ஒன்று உண்டு. நேயர்கள் இந்த வாரமே தங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பார்க்கட்டும். தீப்பெட்டிப் படமோ, கிரிக்கெட் சீட்டோ, தாத்தாவின் பழைய புகைப்படமோ, ஏதாவது ஒன்று தகரத்துக்குள் மூச்சு முட்டிக் கிடக்கும். பக்கத்துத் தெரு ஆசாரியாருக்கு ஒரு பெட்டிக்கு வேலை கொடுங்கள். அவர் கைக்கும் தொழில் கிடைக்கும், படத்துக்கும் ஆயுள் கிடைக்கும். அடுத்த மழைக்காலம் வெகு தூரத்தில் இல்லை.